மழைத்தண்ணீர் புகுந்த கார் ஆடியோவும் இரண்டே நாளில் இறங்கிவிடும் பேட்டரியும்

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமழையில் வண்டிக்குள் தண்ணீர் புகுந்து, முன்சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப் (பாட்டின் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) நனைந்துவிட்டது. கதவுகளைத் திறந்துபோட்டு ஒரு வாரம் காயவைத்தீர்கள். பாட்டு வந்தது, ஆனால் இடது பக்கம் கரகரவென்று இரைச்சல். அதிலிருந்து இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் மூன்றாம் நாள் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாற்றினார்கள், அதுவும் இரண்டே நாளில் படுத்துவிட்டது. ஆம்ப்தான் காரணமா, அதைக் காப்பாற்ற முடியுமா, இல்லை எல்லாவற்றையும் கழற்றிப் போட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் ஆடியோ பக்கம்தான். நீங்கள் சொன்ன "இரண்டு நாள்" என்ற கணக்கை வைத்தே அதைச் சொல்கிறேன், எப்படி என்று கீழே எழுதுகிறேன். அதற்கு முன் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். போனட்டைத் திறந்து, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஆம்புக்குப் போகும் தடித்த ஒயரில் உள்ள ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள், ஸ்டீரியோவின் ஃபியூஸையும் சேர்த்து. (கம்பெனி ஸ்டீரியோவாக இருந்தால் கரண்ட் போய்த் திரும்ப வந்ததும் சில மாடல்கள் ரகசிய நம்பர் கேட்கும், அது கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.) பத்து நாள் பாட்டு இல்லாமல் இருந்துவிடலாம். ஈரம் பார்த்த சர்க்யூட் போர்டில் கரண்ட் நின்றுகொண்டே இருந்தால், இன்றைக்குக் காப்பாற்றக்கூடிய சாமானை அடுத்த வாரம் காப்பாற்ற முடியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீரியோவுக்குக் கரண்ட் போகாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெளியில் வாங்கிப் போடும் செட்டின் பின்னால் பாருங்கள், மஞ்சள் ஒயர் ஒன்றும் சிவப்பு ஒயர் ஒன்றும் இருக்கும். சிவப்பில் சாவி போட்டால்தான் கரண்ட் வரும். மஞ்சளில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும், கடிகாரமும் நீங்கள் சேமித்த ஸ்டேஷன்களும் அழியாமல் இருப்பது அதனால்தான். ஆம்பின் தடித்த ஒயரும் அப்படித்தான், பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. ஆக, வண்டியைப் பூட்டிவிட்டு நீங்கள் தூங்கும் நேரத்திலும் அந்தப் போர்டுகளில் கரண்ட் நிற்கிறது. சுத்தமான தண்ணீர் கரண்ட்டை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் வண்டிக்குள் புகுந்த தண்ணீரில் தூசி, உப்பு, கார்ப்பெட்டில் ஊறிய அழுக்கு எல்லாம் கரைந்திருக்கும். அது 12 வோல்ட் நிற்கும் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் (பேட்டரி நெகட்டிவோடு சேர்வது) நடுவில் படிந்தால், பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எதிர்ப்பக்கம் நகரும். வீட்டில் புளி போட்டுத் துலக்காத செம்புப் பாத்திரத்தில் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்புதான். தண்ணீர் காய்ந்தபின்னும் களிம்பும் உப்பும் அங்கேயே இருக்கும், காற்றில் ஈரப்பதம் ஏறும் ஒவ்வொரு இரவும் அது மறுபடி கடத்தத் தொடங்கும். வெயிலில் வைத்தபோது நன்றாகப் பாடிய செட் விடியற்காலையில் தகராறு பண்ணுவது இதனால்தான்.

சரி, இப்போது அந்த இரண்டு நாள் கணக்கு. உங்கள் பேட்டரி 45 ஆம்பியர் ஹவர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கும்போது கடிகாரம், லாக், அலாரம் எல்லாம் சேர்ந்து எடுப்பது வழக்கமாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். பாதிப் பேட்டரி காலியாகவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், அதனால்தான் நல்ல வண்டி பத்து நாள் நின்றாலும் செல்ஃப் எடுக்கிறது. உங்களுடையது 48 மணி நேரத்தில் படுக்கிறது. அந்த நேரத்தில் பாதி முதல் முழுப் பேட்டரி வரை காலியாக வேண்டுமென்றால் ஏறக்குறைய அரை ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர் வரை எதுவோ விடாமல் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். களிம்பு பிடித்த ஒரு பிளக் மட்டும் கசிந்தால் இவ்வளவு வராது, அது பெரும்பாலும் மில்லி ஆம்பியர் கணக்கில்தான் இருக்கும். பாட்டே போடாமல் சும்மா விழித்திருக்கும் ஆம்ப் எடுப்பதுதான் இந்த அளவு. அதாவது உங்கள் ஆம்ப் ராத்திரி தூங்கப் போவதில்லை என்பது என் ஊகம்.

ஊகத்தை நம்பிப் பொருள் மாற்றக் கூடாது, ஏற்கெனவே ஒரு பேட்டரி வீணாகிவிட்டது. மல்டிமீட்டர் ஒன்று போதும், 10 ஆம்பியர் வரை அளக்கக்கூடியதாக இருக்கட்டும். ஆம்ப் விழித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதால், கழற்றிய ஃபியூஸ்களைச் சோதிக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் திரும்பப் போடுங்கள்.

அளக்கும் விதம் முக்கியம், பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். முதலில் பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். போனட்டும் ஒரு கதவும் திறந்திருக்கட்டும், ஆனால் அவற்றின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அப்போதுதான் எல்லாம் மூடியிருக்கிறது என்று வண்டி நம்பும். ரிமோட் சாவியைத் தூரமாக வைத்துவிடுங்கள். மீட்டரின் சிவப்பு லீடை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றுங்கள். நெகட்டிவ் டெர்மினலைத் தளர்த்துங்கள், ஆனால் உடனே தூக்காதீர்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை அந்தக் கேபிளின் டெர்மினலிலும் கிளிப் போட்டுப் பிடிக்கவைத்துவிட்டு, அதற்கப்புறம் டெர்மினலை மெதுவாகத் தூக்கினால் கரண்ட் அறுபடாமல் மீட்டர் வழியாக ஓடும். முதலில் கழற்றிவிட்டு அப்புறம் மீட்டரை வைத்தால் வண்டியில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொண்டு சில ஆம்பியர் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து இல்லாத கோளாறைத் தேடுவீர்கள். விழித்தவை தூங்க அரை மணி நேரம் ஆகலாம், சில வண்டிகளில் ஒரு மணி நேரம் கூட ஆகும். பொறுமையாக இருங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் உள் ஃபியூஸ் உடனே போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு லீடைப் பழையபடி வோல்ட் ஓட்டைக்கு மாற்றுவதை மறக்காதீர்கள். ஆம்பியர் ஓட்டையில் லீடு இருக்கும்போது பேட்டரியின் இரண்டு முனையில் வைத்தால் அது நேரடி ஷார்ட்.

எல்லாம் தூங்கியபின் மீட்டர் 0.05 ஆம்பியருக்குக் கீழே நின்றால் கசிவு இல்லை. 0.5, 0.8 என்று நின்றால் ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிப் பார்த்து எது கழன்றதும் எண் விழுகிறது என்று கவனிக்க வேண்டும். இங்கே ஒன்று. டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டியில் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தும் எண் அசையவில்லை என்று கைவிடுபவர்கள் நிறைய. ஆம்பின் ஃபியூஸ் அந்தப் பெட்டியில் இருக்காது. அது பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்குள், ஒயரோடு தொங்கும் தனிக் கூட்டில் இருக்கும். முதலில் அதைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அங்கேயே எண் சட்டென்று விழுந்துவிடும் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

ஃபியூஸைக் கழற்றிப் போடும்போது கம்ப்யூட்டர்கள் மறுபடி விழித்து அளவைக் கெடுக்கின்றன என்றால் வேறொரு வழி உண்டு. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஃபியூஸைக் கழற்றாமலேயே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் தொட்டுப் பாருங்கள். சாதாரணமான 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸின் தடை 7 முதல் 8 மில்லி ஓம். அதன்படி 1 மில்லிவோல்ட் காட்டினால் அந்த வழியாக ஏறக்குறைய 130 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். சுழியம் காட்டினால் எதுவும் ஓடவில்லை. ஆம்பின் பெரிய ஃபியூஸில் இது எடுபடாது, அதன் தடை மிகமிகக் குறைவு.

ஆம்ப் ஃபியூஸைக் கழற்றியதும் எண் விழுந்துவிட்டது என்று வையுங்கள். உடனே ஆம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆம்ப் தானாக விழிப்பதில்லை, அதை விழிக்கச் சொல்வது ஸ்டீரியோவிலிருந்து வரும் நீல நிறத்தில் வெள்ளைக் கோடு போட்ட மெல்லிய ஒயர். ரிமோட் ஒயர் என்பார்கள். ஸ்டீரியோ ஓடும்போது அதில் 12 வோல்ட் வரும், அணைத்ததும் சுழியத்துக்கு இறங்க வேண்டும். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆம்பின் ரிமோட் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்ட் அளந்து பாருங்கள்.

ஒருமுறை நான் பார்த்த வண்டி ஒன்றில் இதே கதைதான். ஆம்பை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள், புது ஆம்பும் ராத்திரி முழுக்கச் சூடாகவே இருந்தது. ரிமோட் டெர்மினலில் மீட்டரை வைத்தேன், சாவி இல்லாமலேயே 5 வோல்ட்டுக்கு மேல் நின்றது. அந்த ஆம்புக்கு அதுவே போதும், விழித்துக்கொள்ளும். செட்டை இழுத்து வெளியே எடுத்துப் பின்னால் இருந்த பிளக்கைப் பிரித்துப் பார்த்தால், மஞ்சள் ஒயரின் பின்னுக்கும் ரிமோட் ஒயரின் பின்னுக்கும் இடையில் இருந்த பிளாஸ்டிக் தடுப்பின்மேல் நகக்கண் அகலத்துக்குப் பச்சைக் களிம்பு, அதன் ஓரத்தில் பொடிப்பொடியாக வெள்ளை உப்பு. மஞ்சளில் எப்போதும் இருக்கும் 12 வோல்ட்டிலிருந்து அந்தக் களிம்பு வழியாகக் கசிந்து ரிமோட் ஒயருக்கு வந்துகொண்டிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வைத்து பிளக்கின் இரண்டு பாதியையும் தேய்த்துக் கழுவிக் காயவைத்து மாட்டினேன், ரிமோட்டில் சுழியம். கழற்றிப்போட்ட ஆம்ப் இரண்டும் நல்லவைதான்.

தண்ணீர் அந்த உயரத்துக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தரையில் தேங்கிய தண்ணீர் டேஷ்போர்டில் உள்ள செட்டைத் தொடவே இல்லை. கூரையில் உள்ள ஆன்டெனாவின் அடி ரப்பர் வெடித்துப்போய், மழைத்தண்ணீர் ஆன்டெனா கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமாகவே ஓடிவந்து செட்டின் பின்னால் சொட்டியிருந்தது. உங்கள் வண்டியிலும் இதைப் பாருங்கள். ஆன்டெனா பிளக்கை உருவினால் உட்புறம் துருப்பழுப்பாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ரிமோட்டில் சுழியம், ஆனாலும் ஆம்ப் ஃபியூஸைப் போட்டதும் கரண்ட் இழுக்கிறது என்றால் அப்போது கோளாறு ஆம்புக்குள்ளேயே. ரிமோட்டில் வோல்ட் நின்றால், செட்டின் சிவப்பு ஒயரிலும் சாவி இல்லாதபோது ஏதாவது வோல்ட் நிற்கிறதா என்று பாருங்கள், அது கசிந்தால் செட் சாவி போட்டிருப்பதாக நினைத்துக்கொண்டு ஆம்பையும் எழுப்பிவிடும். ஆண்ட்ராய்டு செட் மாட்டும்போது சிலர் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்திருந்தால் மழையைக் குறை சொல்லிப் பயனில்லை, பிரித்துச் சரியாகப் போட வேண்டும்.

இனி ஆம்பைத் திறப்பது. ஃபியூஸைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்துத் திறங்கள், உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும். அடித்தகட்டைக் கழற்றியதும் முதலில் எதையும் தொடாமல் நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற மட்டம் வரை போர்டில் ஒரு கோடு தெரியும், டீத்தம்ளரில் ஆடை படிந்த கோடு மாதிரி. வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் நல்லது, கழுவினால் போகும். ஸ்க்ரூ டெர்மினல் பக்கம் பச்சை பூத்திருந்தாலும் பரவாயில்லை. ஐசியின் (கறுப்புச் சிப்பின்) கால்களுக்கு நடுவில் கறுத்திருந்தாலோ, போர்டின் செம்புக் கோடு ஓரிடத்தில் அறுந்து காணாமல் போயிருந்தாலோ அது கரண்ட் ஓடிக் கருகிய இடம். அங்கே சால்டரிங் வேலை தெரிந்தவர் கை வைக்க வேண்டும்.

கழுவுவது என்றதும் பயப்படாதீர்கள், தண்ணீர் பட்டுக் கெட்டதை மறுபடி தண்ணீராலேயே கழுவுவதா என்று. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால் முதலில் கழுவத்தான் வேண்டும், ஏனென்றால் உப்பு தண்ணீரில்தான் கரையும், ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. மென்மையான பிரஷ்ஷால் ஐசி கால்களுக்கு இடையிலும் பிளக் பின்களுக்குள்ளும் தேய்த்துவிட்டு, அழுக்குத் தண்ணீரை வடித்து, இரண்டாம் முறை புதுத் தண்ணீர். அதற்கப்புறம் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு கழுவு. அது மிச்சமிருக்கும் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகும். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ஸ்பீக்கர் காகிதத்திலோ எல்சிடி திரையிலோ ஆல்கஹாலைப் படவிடாதீர்கள். பிறகு ஒரு ஃபேனுக்கு முன்னால் இரண்டு நாள் முழுதாகக் காயட்டும். ஐசிக்கு அடியிலும் ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள்ளும் உள்ள ஈரம் மேலே காய்ந்த பிறகும் நிற்கும். ஹேர் ட்ரையரை உச்சச் சூட்டில் வைத்து ஊதினால் தண்ணீர் இன்னும் உள்ளே தள்ளப்படும், பிளாஸ்டிக்கும் வளையும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் ஒன்றும் ஆகாது, மாவுத்தூசி தான் உள்ளே போகும். எண்ணெய்ப் பசை உள்ள ஸ்ப்ரேக்களையும் போர்டில் அடிக்காதீர்கள். அவை தண்ணீரைத் தள்ளும் என்பது உண்மை, ஆனால் விட்டுப்போகும் படலத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும், கீழே உப்பு அப்படியே இருக்கும்.

காய்ந்ததை நேராகப் பேட்டரியில் மாட்டிப் பார்க்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். பின்பக்க இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து, ஆம்பின் பாசிட்டிவ் ஒயருக்கு நடுவில் தொடராக மாட்டுங்கள். ரிமோட் ஒயரையும் ஸ்பீக்கர்களையும் இணைக்காதீர்கள். பேட்டரியில் தொட்ட கணத்தில் பல்பு ஒரு மினுக்கு மினுக்கிவிட்டு அணைந்தால் கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகின, உள்ளே ஷார்ட் இல்லை. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் பவர் சப்ளையில் உள்ள மாஸ்ஃபெட் (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்த நிலையில் ஃபியூஸோடு நேராக மாட்டியிருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், பல்பு இருந்ததால் கரண்ட் இரண்டு ஆம்பியருக்குள் கட்டுப்பட்டது, சாமான் பிழைத்தது. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஃபியூஸ் காப்பது ஆம்பை அல்ல, ஒயரை. ஒயர் சூடானால் அது படுத்திருக்கும் கார்ப்பெட்தான் முதலில் பற்றும்.

இந்தச் சோதனையில் தேறினால் பல்பை எடுத்துவிட்டு, சின்ன ஃபியூஸ் ஒன்றுடன் ரிமோட்டையும் கொடுத்து ஆம்பை விழிக்கவைத்து, ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் ஸ்பீக்கர் டெர்மினல்களில் டிசி வோல்ட் அளந்துவிடுங்கள். ஒரு சேனலின் பிளஸ் மைனஸ் நடுவில் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வோல்ட் கணக்கில் இருந்தால் அந்தச் சேனல் கெட்டிருக்கிறது, மாட்டினால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் (காயில்) கருகும். ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் ஒயர்களை அளக்கும்போது இதில் ஒரு குழப்பம் வரும். அவற்றில் எதை எர்த்தோடு அளந்தாலும் 6 வோல்ட் பக்கம் காட்டும். அது கோளாறில்லை, அந்தச் சர்க்யூட்டின் அமைப்பே அப்படித்தான். இரண்டு ஒயருக்கும் நடுவில் அளந்தால்தான் உண்மை தெரியும். இதே காரணத்தால்தான் கதவு ஸ்பீக்கரின் ஒயர் ஒன்று நனைந்த பிளக் வழியாகப் பாடியைத் தொட்டால் செட் பாதுகாப்பு நிலைக்குப் போய் ஊமையாகிவிடுகிறது. செட் செத்துவிட்டது என்று அதை மாற்றுகிறார்கள்.

அந்த இடது பக்கக் கரகரப்புக்கு வருவோம். ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவந்து ஆம்பில் சொருகியிருக்கும் ஆர்சிஏ பின்களை இடம் வலமாக மாற்றிச் சொருகுங்கள். இரைச்சல் வலது பக்கம் போனால் கோளாறு ஸ்டீரியோவிலோ கேபிளிலோ இருக்கிறது. இடது பக்கத்திலேயே நின்றால் ஆம்பின் அந்தச் சேனல், இல்லையென்றால் ஸ்பீக்கர். ஸ்பீக்கரைத் தனியாகச் சோதிப்பது எளிது. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3-க்கு மேல் 4-க்குள் காட்ட வேண்டும். அப்புறம் விரல்களைக் கூம்பின் ஓரத்தில் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள், காதை அருகில் கொண்டுபோய். வழுவழுவென்று போய்வந்தால் சரி. மணல் தேய்ப்பது போல ஒரு சத்தம் வந்தால் காந்த இடைவெளிக்குள் துரு ஏறி காயில் உரசுகிறது, அதற்கு வைத்தியம் இல்லை, மாற்றிவிடுங்கள். காகிதக் கூம்பு நனைந்து உப்பிக் காய்ந்திருந்தாலும் பழைய சத்தம் வராது. பிளாஸ்டிக் கூம்பு என்றால் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

எர்த்தையும் விடாதீர்கள். ஆம்பின் கறுப்பு ஒயர் பாடியில் முறுக்கிய இடம் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் தண்ணீரில் முதலில் ஊறுவது அதுதான். போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் பளபளக்கும் உலோகம் வரை சுரண்டி மறுபடி இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பாட்டு ஓடும்போது ஆம்பின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு இன்னும் சரியில்லை. இரைச்சலில் பாதி இங்கிருந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆடியோ ஃபியூஸ்கள் இரண்டையும் கழற்றியும் மீட்டரில் எண் விழவில்லை என்றால் வேறு இடம் தேட வேண்டும். டிக்கி லைட் அணையாமல் இருக்கலாம், வண்டி ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டையோடு கசியலாம், கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயர் கட்டில் உள்ள இணைப்பு களிம்பு பிடித்திருக்கலாம், லாக்கையும் லைட்டையும் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோல் பெட்டிக்குள்ளேயே தண்ணீர் போயிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் செலவு வைக்கும் விஷயம்.

சீட்டைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. அடியில் மஞ்சள் நிற பிளக் தெரிந்தால் அது ஏர்பேக், சீட் பெல்ட் இழுப்பான் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்த பிறகே அதன் பக்கம் போங்கள், மல்டிமீட்டரை அதில் வைக்கவே வைக்காதீர்கள், மீட்டரின் சின்னக் கரண்ட்டே அதை வெடிக்கவைக்கக்கூடும். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாமல் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

புது பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது புதிதுதான், ஆனால் அடியோடு காலியாகி அப்படியே சில நாள் கிடந்தால் தட்டுகளில் சல்பேட் இறுகிவிடும், பழைய கொள்ளளவு திரும்பாது. ஜம்ப் போட்டு ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓட்டினால் ஏறிவிடும் என்று நம்பாதீர்கள். ஆல்டர்னேட்டர் இருப்பது ஓரளவு நிரம்பிய பேட்டரியைப் பராமரிக்க, காலியானதை நிரப்ப அல்ல. சார்ஜரில் ஒரு ராத்திரி முழுக்கப் போட்டு, எடுத்துச் சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். வண்டி ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் காட்டினால் ஆல்டர்னேட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இவ்வளவும் செய்து, தண்ணீர் வந்த வழியை அடைக்காவிட்டால் அடுத்த மழைக்கு இதே இடத்தில் நிற்பீர்கள். கார்ப்பெட் மேலே காய்ந்திருக்கும், அடியில் உள்ள தடித்த பஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்துவைக்கும். முஷ்டியால் ஊன்றி அழுத்திப் பாருங்கள், சளக்கென்று சத்தம் வந்தால் கழற்றி வெளியே போட்டுத்தான் காயவைக்க வேண்டும். வண்டி வெள்ளத்தில் நிற்காமலேயே தரை ஈரமானால், கண்ணாடிக்குக் கீழே இலைச்சருகு அடைத்த வடிகால், சன்ரூஃபின் நான்கு மூலைக் குழாய்கள், கதவு அட்டைக்குப் பின்னால் கிழிந்த பிளாஸ்டிக் தாள், ஆம்புக்கு ஒயர் இழுத்தபோது இன்ஜின் சுவரில் துளை போட்டு ரப்பர் வைக்காமல் விட்ட இடம் இவற்றைப் பாருங்கள். மழையே இல்லாமல் முன்பக்கம் கால் வைக்கும் இடம் மட்டும் நனைந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. ஒருவரை உள்ளே உட்காரவைத்து டார்ச் அடிக்கச் சொல்லி, வெளியிலிருந்து ஹோஸில் மெல்லிய தண்ணீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடிவரும், எங்கே புகுந்தது என்று தெரியாது.

வண்டி நின்றது கடல் தண்ணீர் கலந்த வெள்ளத்தில் என்றால் மேலே சொன்ன கழுவல் வேலையெல்லாம் முதல் ஓரிரு நாளுக்குள் செய்திருந்தால்தான் பலன். ஒரு வாரம் கரண்ட்டோடு கிடந்த போர்டில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். திரையின் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் தண்ணீர்க் கறை படிந்த டச் ஸ்கிரீன் செட்டும் அப்படியே, பாட்டு வரலாம், திரை திரும்பாது. நல்ல தண்ணீர் பட்ட ஆம்ப் அப்படியல்ல. உள்ளே தடித்த கோடுகளும் பெரிய சாமான்களும்தான், கழுவி எடுத்தால் வருடக்கணக்கில் ஓடும்.

திரும்ப மாட்டும்போது ஆம்பைத் தரையில் நேராக வைக்காமல், இரண்டு விரல்கடை உயரத்துக்கு பிளாஸ்டிக் கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள், டெர்மினல் பக்கவாட்டில் பார்க்கட்டும். அதற்கு வரும் ஒவ்வொரு ஒயரும் டெர்மினலுக்கு முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள், ஒயரைப் பிடித்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பிளக்குகள் நன்றாகக் காய்ந்தபின் டைஎலக்ட்ரிக் (கரண்ட் கடத்தாத) கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். மாட்டிய அன்று ராத்திரி நிற்கும் கரண்ட்டை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள், 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து ஈரமான ஒரு விடியற்காலையில் மறுபடி அளந்து அது 30-லேயே நின்றால் களிம்பு முழுதாகப் போய்விட்டது. 80, 100 என்று ஏறியிருந்தால் எங்கோ ஒரு பிளக்கில் மிச்சம் இருக்கிறது, அதை அப்போதே திறந்து கழுவிவிடுங்கள்.